திருப்பிச் சொல்லுங்க

அத்தான் ஒரு கேள்வி கேட்டால் நாம் பதில் சொல்லச் சிரமப்பட வேண்டியதில்லை. அதையும் அவரே சொல்லிவிடுவார். "இந்த மேசையை இப்படித் திருப்பிப் போட்டா வெளிச்சம் நல்லா விழும், சரிதானே? சரிதான்." மேசையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் வாய் என்று ஒன்று இருப்பது அவர் நினைவுக்கே வராது. அலுவலகத்தில் அவருக்கு 'சரிதான்' என்றே பெயர். லாரி டிரைவர்கள்கூட, "சரிதான் உள்ள இருக்காரா, வெளிய போயிருக்காரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் படியேறுவார்கள். அந்தப் பெயர் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் அடுத்தவர் பேச்சு அவர் காதில் விழுவதற்கும் மண்டையில் ஏறுவதற்கும் நடுவே ஒரு சுவர் இருந்ததால் யாரும் அதற்காகக் குரலைத் தாழ்த்தவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். பம்பு செட்டுகளுக்கு உதிரி பாகம் விற்கும் கம்பெனியின் கிளை அது. முன்னால் ஒரு நீளமான அறை, அதன் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் மேனேஜர், பின்னால் கிடங்கு. கிடங்கிலிருந்து வரும் கிரீஸ் வாடை எங்கள் துணிமணியோடு வீடு வரைக்கும் கூடவே வரும். அத்தான் ஸ்டோர் கீப்பர். அக்கா டெலிபோன் ஆபரேட்டர். நான் பில் அடிக்கும் டைப்பிஸ்ட். குடியிருந்ததும் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான். ஆகவே அத்தானைப் பகலில் அலுவலகத்திலும் மாலையில் வீட்டிலும் தரிசிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. இன்னொருவருக்கு அது வேண்டாம்.

அக்காவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தினமும் சாயங்காலம் அவள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, கிடங்கில் என்னென்ன சரக்கு எத்தனை இருக்கிறது என்று வாசிப்பாள். "பேரிங், பெரிய சைஸ், நாப்பது. திருப்பிச் சொல்லுங்க." அந்தப் பக்கத்து ஆள் திருப்பிச் சொன்னால்தான் அடுத்த பொருளுக்குப் போவாள். "அதான் எழுதிட்டேனேம்மா" என்று அவர் சலித்துக்கொண்டால், "எழுதினதைப் படிங்க" என்பாள். கோபமே இல்லாத குரல். ஆனால் மலையை நகர்த்தினாலும் அவளை அந்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது.

வீட்டிலும் இதே கூத்துதான். கடைக்கு அனுப்பினால், "என்ன வாங்கிட்டு வரணும், திருப்பிச் சொல்லு" என்று வாசலில் நிறுத்திவைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ரெண்டு சாமானுக்கு இவ்வளவு ஒப்பிக்கணுமா என்று சண்டை போட்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியன், பேப்பர் போடுகிறவர், பக்கத்து வீட்டுக் குழந்தை, யாரையும் விட்டதில்லை. விட்டது ஒரே ஓர் ஆளைத்தான். கல்யாணமான புதிதில் அத்தானிடம் ஏதோ சொல்லிவிட்டு, "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "நான் என்ன ஸ்கூல்ல படிக்கிறேனா, நீ டீச்சரா?" அதோடு அவரிடம் மட்டும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அன்றைக்கு விடாமல் பிடித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது.

ஒரு திரை, ஒரு கீபோர்டு, அதன் பக்கத்தில் சின்னச் சின்ன விளக்கு எரியும் மோடம் என்ற பெட்டி. மோடத்திலிருந்து ஒரு வயர் சுவரில் இருந்த டெலிபோன் லைனுக்குப் போனது. கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம். அதைத் திறந்து தலைமை அலுவலகத்து எண்ணைச் சுழற்றச் சொன்னால், மோடம் பூனையை மிதித்த மாதிரி கத்தும், பிறகு இரையும், பிறகு அடங்கும். அடங்கிவிட்டால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் நம் எதிரில் இருக்கும் திரை, எங்கோ தொலைவில் தலைமை அலுவலகத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரின் திரை ஆகிவிடும். இங்கே ஓர் எழுத்தைத் தட்டினால் அது கம்பி வழியே அங்கே போகும். அந்த இயந்திரம் அதை வாங்கிக்கொண்டு, கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாக அதே எழுத்தைத் திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பி வந்த எழுத்துதான் நம் திரையில் தெரியும். ஏதோ சினிமாக் கதை கேட்பதுபோல் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அக்காவுக்கு மட்டும் அது உடனே பிடித்துப்போயிற்று.

"அட, இது நம்ம ஆளு! திருப்பிச் சொல்லுதே!" என்றாள்.

இந்த இயந்திரத்தை இயக்க, தலைமை அலுவலகத்தில் பயிற்சி எடுக்க ஒரே ஓர் ஆளை அனுப்பச் சொன்னார்கள். நியாயமாக அக்கா போயிருக்க வேண்டும். மேனேஜர் அத்தானை அனுப்பினார். ஆண்பிள்ளை, வெளியூர், சரிதானே? சரிதான்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். அத்தான் பட்டப்பகலிலேயே பிடித்தார். பயிற்சியிலிருந்து திரும்பியவர் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு வந்தார், கம்ப்யூட்டருக்குப் பேனா எதற்கு என்று கேட்கக்கூடாது. லைன் ஓடும்போது மின்விசிறி சுற்றக்கூடாது என்றார். காற்றில் எழுத்து பறந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. 'லைன் ஓடுகிறது, பேசாதீர்கள்' என்று ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் நிறுத்தினார். கிடங்கில் இருக்கும் மூட்டை தூக்குபவர்கள் அதைப் பார்த்துவிட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பூனை நடை நடந்து காட்டுவார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

போதாக்குறைக்கு அதே லைனில் ஒரு டெலிபோன் இணைப்பை இழுத்துத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார். பேசுவதற்கு இல்லை, காட்டுவதற்கு. யாராவது வந்தால் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை எடுத்து அவர்கள் காதில் வைப்பார். உஸ் என்று இரைச்சல் கேட்கும். "கேக்குதா? தலைமை ஆபீஸ் மூச்சு விடுது." வந்தவர் பயந்தவராக இருந்தால் ரிசீவரைக் கும்பிடாத குறையாகத் திருப்பிக் கொடுப்பார்.

அவருடைய முதல் சங்கடம் வேகம். எழுத்து அவ்வளவு தூரம் போய்த் திரும்பிவரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் 'பம்பு' என்று அடித்து முடித்த பிறகுதான் முதல் எழுத்து திரையில் எட்டிப் பார்க்கும். ஒருநாள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த மேனேஜர், "என்னப்பா, இவ்வளவு மெதுவா அடிக்கிறே?" என்று கேட்டுவிட்டார். அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையேட்டைப் புரட்டி, புரோகிராமைக் குடைந்து, ஒரு வழி கண்டுபிடித்தார். அடிக்கும் எழுத்தைத் தொலைவில் இருக்கும் இயந்திரம் திருப்பி அனுப்பும் வரை காத்திராமல், நம் கம்ப்யூட்டரே உடனுக்குடன் தன் திரையில் காட்டிக்கொள்ளும்படி மாற்றிவிட்டார். தட்டினால் எழுத்து உடனே விழுந்தது. ஆனால் அங்கிருந்தும் அதே எழுத்து வந்து சேர்ந்ததால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. திரை முழுக்க இரட்டைப் பிள்ளைகள். அதற்கும் அவரிடம் தீர்வு இருந்தது. தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு, அவர்கள் திருப்பி அனுப்புவதை நிறுத்தச் சொன்னார்.

அவர் எங்கே கூப்பிட்டார்? அக்கா கூப்பிட்டுப் பேசினாள். அந்தப் பக்கம் இருந்தவர் அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர், நல்ல பிள்ளை. அவர் சொன்னதை அக்கா ஹெட்செட்டைக் கழற்றாமலேயே அப்படியே அத்தானுக்கு ஒப்பித்தாள்.

"என்னங்க, அவர் வேண்டாங்கிறார். எழுத்து அங்க வந்துட்டுத் திரும்புறதுதான் நமக்குச் சாட்சியாம். அதை நிறுத்திட்டா, லைன் அறுந்தாக்கூட நமக்குத் தெரியாதாம். நம்ம மெஷின்கிட்ட நாமளே பேசிக்கிட்டு இருப்போமாம்."

"சின்னப் பையன், அவனுக்கு என்ன அனுபவம்? நிறுத்தச் சொல்லு."

"இன்னொண்ணும் சொல்றார். லைன் ஓடும்போது ரிசீவரை எடுத்தா இணைப்பு அறுந்து போகுமாம், எடுக்கவே வேண்டாங்கிறார்."

"சரி, சரி. நிறுத்தச் சொன்னியா?"

அவர் உத்தரவுப்படி நிறுத்தினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கை எத்தனை முறைதான் ஊதுவார்கள்?

இரண்டாவது சங்கடம் அந்த ரிசீவரால் வந்தது. இளைஞர் சொன்னபடியே, தலைமை அலுவலகம் மூச்சு விடுவதைக் காட்ட அத்தான் ரிசீவரைத் தூக்கும்போது பாதி நாள் இணைப்பு அறுந்துபோகும். உடனே கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தும், திரையின் அடியில் 'தொடர்பு இல்லை' என்று ஒரு பட்டை மின்னும். வந்தவர்கள் முன்னால் அவமானம். மனுஷன் ரிசீவரைத் தூக்குவதை நிறுத்தினாரா என்றால், இல்லை. மறுபடி கையேட்டைப் புரட்டி, அந்தக் கீச்சையும் பட்டையையும் நிறுத்திவிட்டார். நாய் ஓயாமல் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, திருடனே வருவதில்லை என்று நிம்மதியாகத் தூங்குகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

பிறகு அவர் திரை எப்போதும் அமைதியாக, வேகமாக, அழகாக இருந்தது. அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ரசீது எண் வரவேண்டும். ஆனால் சாயங்கால நேரத்தில் எல்லாக் கிளைகளும் அந்த ஒரு கம்ப்யூட்டரில் போய் முட்டியதால், எண்கள் மறுநாள் காலையில்தான் மொத்தமாக வரும். சில காலைகளில் எண்ணுக்குப் பதில் 'உங்கள் நேற்றைய கணக்கு வரவில்லை' என்று வரும். அத்தான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடி அடிப்பார். "அவங்க மெஷின் சரியில்லை. நம்ம பக்கம் பக்காவா போயிருக்கு, நானே கண்ணால பார்த்தேன்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும், அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால்.

கிளைகளில் டெலிபோன் ஆபரேட்டர் வேலையையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று தலைமை அலுவலகம் தெரிவித்தது. இப்போது அந்த வேலையில் இருப்பவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள். விருப்பத்தைக் கிளை மூலம் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும், அதுவும் கம்ப்யூட்டர் லைனில் மட்டும். போனில் சொன்னால் செல்லாது. தெரிவிக்காதவர்கள் மாத முடிவோடு வீட்டுக்குப் போகலாம்.

அக்காவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்குக் கொஞ்சம்தான் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற ஆசைதான் நிறைய. மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு என் டைப்ரைட்டரில் வந்து உட்கார்ந்து விரல் பழகுவாள். "ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தப் பக்கத்துல இருந்து ஆமான்னு ஒரு பதில் வருது பாரு. இப்படி ஒரு வேலை எங்க கிடைக்கும்?" என்பாள். எதிரில் இருப்பவர் ஆமாம் போட்டால் போதும் என்று ஒருத்தி இப்படி ஏங்குகிறாள் என்றால் அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமையே அத்தானிடம் சொல்லிவிட்டாள். அவர் அனுப்பவில்லை. "கடைசி நாள்ல அனுப்பினாத்தான் லிஸ்ட்டுல மேல நிக்கும். புதுசா வந்தது மேலதானே இருக்கும், சரிதானே? சரிதான்." செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வெள்ளிக்கிழமை மண்டல அதிகாரி கிளையைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் அத்தான் ஏன் தள்ளிப்போட்டார் என்பதும் எனக்குப் புரிந்துபோயிற்று. பெண்டாட்டியின் பிழைப்பை அதிகாரி முன்னால் வாணவேடிக்கை விட்டுக் காட்ட ஆசை.

அதிகாரி வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். குள்ளமாக, தொப்பையோடு, எதைப் பார்த்தாலும் வியக்கும் முகத்தோடு இருந்தார். அத்தானுக்கு ஏற்ற ஆள். மின்விசிறி நின்றது. அட்டை நிமிர்ந்தது. மோடம் கத்தி, இரைந்து, அடங்கியது. தலைமை அலுவலகத்தின் வரவேற்பு வரி திரையில் வந்தது. இணைப்பு நிஜமாகவே கிடைத்திருந்தது. அப்படியே உட்கார்ந்து அடித்திருந்தால் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்.

"இப்ப அவங்க நிஜமாவே லைன்ல இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

அத்தான் ரிசீவரை எடுத்து அவர் காதில் வைத்தார். "கேளுங்க சார். தலைமை ஆபீஸ் மூச்சு விடுது."

"அடேயப்பா, உஸ்ஸுன்னு இரையுதே!" என்றார் அதிகாரி. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "இப்ப நின்னு போச்சே?"

"நாம அடிக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு சார். சரிதானே? சரிதான்."

ரிசீவரை வைத்தார். கைவிரல்களை நெட்டி முறித்துக்கொண்டார். அன்றைய சரக்குக் கணக்கை அடித்தார். பிறகு அக்காவின் பெயர், வேலை, கம்ப்யூட்டர் பிரிவில் சேர விருப்பம் என்பதையும் அடித்தார். எழுத்துகள் மளமளவென்று விழுந்தன. கீச்சென்ற சத்தம் இல்லை, மின்னும் பட்டை இல்லை. "என்ன வேகம்! என்ன வேகம்!" என்று அதிகாரி தொடையைத் தட்டினார்.

அக்கா ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

"பதில் வந்துச்சாங்க?"

"நாளைக்குக் காலைல வரும்."

"நான் வேணா ஒரு போன் போட்டு, வந்து சேந்துச்சான்னு கேட்டுக்கட்டுமா?"

அத்தான் நாற்காலியை முழுசாகத் திருப்பினார். "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா? ஸ்கிரீன்லதான் இருக்கே. படி. உன் பேரு சரியா இருக்கா?"

அதிகாரி சிரித்தார். "வீட்டுலயும் இப்படித்தான் செக்கிங்கா?"

அக்கா குனிந்து படித்தாள். பேர் சரியாக இருந்தது. ஒரு புள்ளிகூட மாறவில்லை. நல்ல பச்சை எழுத்து. அவள் தன் இடத்துக்குப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். சரக்குக் கணக்கில் ஒரு பேரிங்குக்கு அத்தனை முறை திருப்பிக் கேட்டவள், தன் சொந்தப் பிழைப்புக்கு ஒருமுறை கேட்காமல் போய் உட்கார்ந்தாள். புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கும் அக்காவுக்கும் விடுமுறை. அத்தான் மட்டும் காலையில் போய்த் திரையைத் திறந்திருக்கிறார். 'உங்கள் நேற்றைய கணக்கு வரவில்லை' என்று வந்திருக்கிறது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கணக்கை மறுபடி அடித்து அனுப்பியிருக்கிறார். கணக்கு போகவில்லையென்றால் அதே மூச்சில் அடித்த மற்றதும் போயிருக்காதே என்று ஒரு சின்னக் குழந்தைக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு, தன் பக்கம் தப்பு இருக்கலாம் என்ற நினைப்பு முதலில் வரவேண்டும்.

வீட்டுக்கு வந்தவரிடம் அக்கா, "வந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆபரேட்டர்கள் பெயர் இருந்தது. எங்கள் கிளைக்கு எதிரில் 'விருப்பம் தெரிவிக்கவில்லை' என்று இருந்தது. மேனேஜர் அத்தானைக் கண்ணாடித் தடுப்புக்குள் கூப்பிட்டு, தலைமை அலுவலகத்துக்கு லைன் போடச் சொன்னார். போட்டது அக்காதான். பில்லில் கையெழுத்து வாங்க நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்த இளைஞரின் குரல் ரிசீவரிலிருந்து வெளியே வரைக்கும் கேட்டது.

"உங்க கிளையிலேர்ந்து வெள்ளிக்கிழமை ஒண்ணுமே வரலை சார். நீங்க உள்ள வந்தீங்க, உடனே லைன் அறுந்துடுச்சு. இங்க பதிவாகியிருக்கு."

"அதெப்படி அறுந்திருக்கும்? நான் முழுசா அடிச்சேன். எழுத்து எழுத்தா ஸ்கிரீன்ல வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"ஸ்கிரீன்ல வந்தது நீங்க அடிச்சது சார். நாங்க அனுப்பினது இல்லை. அதுக்குத்தான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன், மேடம்கிட்ட."

அத்தான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"சரி, சனிக்கிழமை காலையில கணக்கு வரலைன்னு நாங்க கேட்டோமே, அப்ப இதையும் ஒரு வரி சேத்து அடிச்சிருந்தாக்கூட எடுத்திருப்பாங்க சார். லிஸ்ட்டு திங்கள்தான் முடிஞ்சுது. இப்ப இடமெல்லாம் போயிடுச்சு."

நான் திரும்பி முன் அறையைப் பார்த்தேன். அக்கா தன் டெலிபோன் போர்டின் முன்னால் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தாள். லைனை இணைத்தவளுக்கு அதில் ஓடுவது கேட்கும். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். பேச்சு முடிந்ததும் வயரைப் பிடுங்கினாள். அடுத்த அழைப்பு வந்தது, எடுத்தாள். "வணக்கம், சொல்லுங்க" என்றாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கையில் இருந்த பில்லைக் கசக்கிவிட்டேன். அன்றைக்கு அதை மறுபடி அடித்தேன்.

அத்தான் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. சாயங்காலம் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு விதத்துல நல்லதுதான். எத்தனை வருஷமா காதுல அதை மாட்டிக்கிட்டுக் கஷ்டப்பட்டே. இனிமே வீட்டுல ரெஸ்ட் எடு. சரிதானே? சரிதான்" என்றார். நான் கையில் இருந்த டம்ளரை அவர்மேல் எறியாமல் மேசைமேல் வைத்ததற்கு இன்றுவரை யாரும் என்னைப் பாராட்டவில்லை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைகளை ஒரு பக்கமும் தன் புடவைகளை ஒரு பக்கமும் அடுக்கினாள்.

மாத முடிவு வரைக்கும் அவள் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இடையில் ஒரு மத்தியானம், வெளியூரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போன் போட்டுப் பேசினாள். அங்கே டெலிபோன் பிரிவில் ராப்பகலாக ஆள் வேண்டும், தங்க இடமும் தருவார்கள். அவள் பேசின விதத்தைக் கேட்டே எடுத்துக்கொண்டார்கள். "டாக்டர் சொல்ற மருந்து பேரை வார்டுக்குச் சொல்லிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேக்கணுமாம். அது அங்க சட்டமாம்டி!" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். முகத்தில் பழைய சந்தோஷம் பாதி திரும்பியிருந்தது.

"அத்தான்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லாம போவேனா? சொல்லிட்டுத்தான் போவேன்."

சொன்னாள். காலை நேரம். அத்தான் காபியோடு கையேட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். திரையில் எழுத்தை இன்னும் பெரிதாகக் காட்ட வழி இருக்கிறதாம். நான் எதிரில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். சாயம் போகாத நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"என்னங்க. எனக்கு ஆஸ்பத்திரியில டெலிபோன் வேலை கிடைச்சிருக்கு. வெளியூர். தங்குற இடமும் அங்கேயே. இன்னிக்குப் பஸ்ல கிளம்புறேன். இனிமே அங்கதான் இருப்பேன்."

டெலிபோனில் சரக்குக் கணக்கு வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொன்னாள்.

அத்தான் பக்கத்தைப் புரட்டினார். "ம். செய், செய். சரிதான்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அக்காவின் வாயையே பார்த்தேன். அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பேப்பர் போடுகிறவரிடமும் என்னிடமும் தலைமை அலுவலகத்திடமும் கேட்டதை இந்த ஒருமுறை இவரிடமும் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். வாசல் வரைக்கும் நான் கூடப் போனேன். "ஊர் போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன். "ஊர் போய்ச் சேந்ததும் போன் பண்றேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அன்று அலுவலகத்தில் அவளுடைய போர்டைக் கழற்றி எடுத்துப்போக ஆட்கள் வந்திருந்தார்கள். அத்தான் காலை முழுவதும் திரையோடு பேசிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பாட்டுப் பையைத் தேடினார். மேசைக்கு அடியில் பார்த்தார், அலமாரியில் பார்த்தார். என் மேசைக்கு வந்தார்.

"உங்க அக்கா எனக்குச் சாப்பாடே கட்டி வைக்கலை. வீட்டுக்குப் போன் போட்டா எடுக்கவும் இல்லை. எங்க போயிருக்கா?"

"சொல்லிட்டுத்தான் போனா, அத்தான்."

"என்ன சொன்னா?"

கேட்டுவிட்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல அடுத்த வரியை அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. போர்டு இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது, அதைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அத்தான் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அடுத்தவர் வாயிலிருந்து பதில் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.